மூன்லைட் எத்தனையாவது கிரேடு?

பியானோ கற்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆன மாணவர் யாராக இருந்தாலும், ஒரு நாள் ஆசிரியரிடம் மூன்லைட் சொனாட்டாவைக் கேட்டே தீருவார். கேட்பதில் தப்பில்லை. முதல் பக்கத்தைத் திறந்தால் வலது கையில் மும்மூன்றாக நகரும் நோட்டுகள், இடது கையில் நிதானமாக இறங்கும் ஆக்டேவ்கள். வேகமே கிடையாது. ஒரு மாதம் உட்கார்ந்தால் விரலுக்கு வந்துவிடும் போலிருக்கும். ஓரளவுக்கு வந்தும் விடும். வில்லங்கம் சில பக்கங்கள் தள்ளிக் காத்திருக்கிறது.

பீத்தோவன் 1801ல் எழுதிய இந்தச் சொனாட்டாவின் முறையான அடையாளம் ஓபஸ் 27, எண் 2. 'ஃபேன்டஸி போன்ற சொனாட்டா' என்ற பொருளில்தான் அவர் தலைப்பு வைத்தார். நிலா வந்து ஒட்டிக்கொண்டது அவர் இறந்த பிறகு, லுட்விக் ரெல்ஷ்டாப் என்ற ஜெர்மன் விமர்சகரின் உபயத்தில். அந்தப் பெயர் முதல் பகுதிக்கு மட்டுமே பொருந்துகிறது. இரண்டாவது பகுதி இரண்டே நிமிடத்தில் முடிந்துபோகும் நடன மெட்டு. மூன்றாவதில் நிலாவே இல்லை. 'பிரெஸ்டோ அஜிடாடோ' என்று தலையில் எழுதியிருக்கும்: மிக வேகமாக, படபடப்போடு. முதல் பகுதியில் சாந்தமாக நடந்த அதே சி ஷார்ப் மைனர் கார்டு இங்கே அடியிலிருந்து சரசரவென்று ஏறி, உச்சியில் இரண்டு தடவை ஓங்கி அறைகிறது. ஏறும்போது சத்தம் கூடாது, அடக்கி வாசிக்க வேண்டும். அழுத்தம் அந்த அறைக்கு மட்டும். பெடலும் அங்கே மட்டும். பெடலை மிதித்துக்கொண்டே ஏறி, பிசிறு தட்டுவதை மறைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு பீத்தோவன் இடமே வைக்கவில்லை.

ஆக, மூன்லைட் எத்தனையாவது கிரேடு என்று கேட்டால் மூன்று பதில் சொல்ல வேண்டும். முதல் பகுதியை ஐந்தாவது கிரேடு மாணவர் மரியாதையாக வாசிக்கலாம். இரண்டாவதும் ஏறக்குறைய அதே தரம்தான், ஆனால் கார்டுகளை இழுத்தும் வெட்டியும் வாசிக்கும் நயம் வேண்டும். மூன்றாவதற்கு எட்டாவது கிரேடைத் தாண்டியிருந்தால் நல்லது. ஒரே அட்டைக்குள் மூன்று வகுப்புப் பாடத்தைத் தைத்த மாதிரி.

சொனாட்டாக்களை ஒப்பிடும்போது பெரும்பாலோர் சறுக்கும் இடமே இதுதான். முழுச் சொனாட்டாவுக்கும் ஒரே மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். சென்னையிலும் கொழும்பிலும் நடக்கும் ஏ.பி.ஆர்.எஸ்.எம்., டிரினிட்டி கிரேடு தேர்வுகள் பெரும்பாலும் ஒரு சொனாட்டாவிலிருந்து ஒரே ஒரு பகுதியைத்தான் கேட்கின்றன. 'பையன் பீத்தோவன் சொனாட்டா முடித்துவிட்டான்' என்று வீட்டில் பெருமையாகச் சொன்னால், அவன் முடித்தது அதில் மூன்றில் ஒரு பங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜெர்மனியின் ஹென்லே பதிப்பகம் தன் நூல்களுக்கு 1 முதல் 9 வரை எண் கொடுத்திருக்கிறது; 1 முதல் 3 வரை சுலபம், 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம். கடையில் நிற்கும்போது கைகொடுக்கும் எண்தான். ஆனால் எது கடினம் என்பதை அந்த எண் சொல்லாது. விரல் ஓடாததா, கை எட்டாததா, தோள் வலிப்பதா, மனப்பாடம் நிற்காததா? எல்லாமே கஷ்டம்தான், ஆனால் ஒருவருக்கு எமனாக இருப்பது இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாமல் போகும்.

மறைவிடம் இல்லாத மொஸார்ட்

நோட்டுகளை எண்ணிப் பார்த்தால் மொஸார்ட்டின் கே 545 எல்லாவற்றிலும் சுலபமாகத் தெரியும். சி மேஜர், முதல் பக்கத்தில் கருப்புக் கட்டைப் பக்கம் அதிகம் போக வேண்டியதில்லை. 1788 ஜூன் 26 அன்று தன் படைப்புப் பட்டியலில் இதைப் பதிந்துகொண்ட மொஸார்ட், 'தொடங்குபவர்களுக்கு' என்றே குறித்துவைத்தார். அச்சில் வந்தது அவர் இறந்து பல வருடங்கள் கழித்து, 1805ல்.

இதன் முதல் ஐந்து பார்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் பாரில் வலது கைக்கு மூன்றே நோட்டு. இடது கை, சி-ஜி-ஈ-ஜி என்று ஊஞ்சலாடும் துணை. மாணவர் உற்சாகமாக, சற்று வேகமாகவே ஆரம்பிப்பார். ஐந்தாவது பாரில் வலது கைக்கு ஸ்கேல் வருகிறது. ஏ-இல் தொடங்கி ஒரு ஆக்டேவ் ஏறி இறங்கு; பிறகு ஜி-இல் தொடங்கி, எஃப்-இல் தொடங்கி, ஈ-இல் தொடங்கி. இடது கையில் அப்போது லேசான கார்டுகள் மட்டும். அதாவது, வலது கையின் ஒவ்வொரு நோட்டும் அறைக்கே கேட்கும். மற்ற விரல்களுக்கு அடியில் கட்டைவிரல் நுழையும் இடத்தில் ஒரு சிறு முட்டல் இருக்கிறதே, ஆசிரியர்கள் வருடக்கணக்கில் திருத்தப் பார்ப்பது, அது இங்கே குழியில் விழுந்த சக்கரம் போலக் காதில் விழும். ஆரம்ப வேகத்தில் இந்த ஸ்கேல் ஓடாது, வண்டி திணறும். அதனால் இந்தச் சொனாட்டாவின் வேகத்தை முதல் பாரிலிருந்து எடுக்கக் கூடாது, ஐந்தாவது பாரிலிருந்து எடுக்க வேண்டும். அங்கே எவ்வளவு வேகத்தில் சுத்தமாக வருகிறதோ அதுவே முழுப் பகுதிக்குமான வேகம்.

இன்னொரு பொறியும் உண்டு. முதல் மெட்டு இரண்டாம் தடவை திரும்பும்போது சி மேஜரில் வராமல் எஃப் மேஜரில் வருகிறது. ஸ்கேல்கள் இடது கைக்கும் பங்காகின்றன. வலது கையை மட்டும் பழக்கியவர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

மொஸார்ட்டின் சொனாட்டாக்கள் குழந்தைகளுக்கு எளிது, கலைஞர்களுக்குக் கடினம் என்ற பொருளில் ஆர்தர் ஷ்னாபெல் சொன்னதைப் பியானோ உலகம் இன்னும் மறக்கவில்லை. பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலில் முழுமையாகப் பதிவு செய்தவர் அவர். அப்படிப்பட்டவரே மொஸார்ட்டைக் கண்டு தயங்கினார் என்பதில் ஆறுதல் தேடலாம்.

எளிது என்ற முத்திரையை மொஸார்ட் சொன்னால்கூட முழுதாக நம்பக் கூடாது என்பதற்கு கே 576 சாட்சி. பிரஷ்ய இளவரசி ஃபிரீடரிக்கேவுக்காக ஆறு எளிய சொனாட்டாக்கள் எழுதுவதாக 1789ல் நண்பர் புக்பெர்குக்குக் கடிதம் போட்டார். அந்த ஆறில் உருவானது இந்த டி மேஜர் சொனாட்டா ஒன்றுதான் என்று பலர் கருதுகிறார்கள். வேட்டைக் கொம்பு போல ஆரம்பித்து, சற்று நேரத்தில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. மொஸார்ட் சொனாட்டாக்களிலேயே கடினமான ஒன்றிரண்டில் இதற்கு இடம் உண்டு. எளிமைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

'டர்கிஷ் மார்ச்' என்று கல்யாண மண்டபம் வரைக்கும் போய்விட்ட கே 331ன் கடைசிப் பகுதியை எங்கே வைப்பது? பிரபலமான முதல் மெட்டை வைத்து அதை அளக்க முடியாது. நடுவில் எஃப் ஷார்ப் மைனரில் வலது கை இடைவிடாமல் ஓடும் பதினாறாம் நோட்டுகளே அதன் உண்மையான அளவுகோல். அங்கே விரல் சீராக ஓடினால் மார்ச் கையில் இருக்கிறது என்று அர்த்தம். ஆக்டேவ்கள் கேட்பதற்குப் படாடோபமாக இருந்தாலும் கை கொஞ்சம் பெரிதாக இருந்தால் வந்துவிடும்.

எங்கே கால் வைப்பது

முதல் சொனாட்டாவாக எதை எடுக்கலாம்? கிளெமென்டியின் ஓபஸ் 36 சொனாட்டினாக்களில் இரண்டு மூன்றை வாசித்தவருக்கு பீத்தோவனின் ஓபஸ் 49, எண் 2 சரியான அடுத்த படி. அவருடைய ஓபஸ் எண்ணைப் பார்த்துக் காலத்தைக் கணிப்பவர்கள் இதில் ஏமாறுவார்கள்: எழுதியது 1790களின் நடுவில், அச்சானது 1805ல். இரண்டே பகுதிகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம். மூன்லைட்டில் நடக்கும் முதுகுக் குத்து இதில் கிடையாது. இரண்டாம் பகுதியின் மினுவெட் மெட்டு பீத்தோவனுக்கே பிடித்துப்போய், ஓபஸ் 20 செப்டெட்டிலும் எடுத்தாண்டார். ஒரு குறை: முதல் பதிப்பில் ஒலி அளவுக் குறிகள் கிட்டத்தட்ட இல்லை. கையிலிருக்கும் புத்தகத்தில் ஃபோர்ட்டே, பியானோ என்று நிறைய இருந்தால் அவை பதிப்பாசிரியரின் கைவண்ணம். எங்கே அடக்குவது, எங்கே விரிப்பது என்பதை மாணவரே யோசிக்க வேண்டியிருப்பது ஒரு நல்ல பயிற்சி.

ஹைடனை நம் ஆசிரியர்கள் ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹோபோகன் பட்டியலில் 16ஆம் பிரிவின் 37ஆம் எண், டி மேஜர், இந்த இடத்துக்கு அழகாகப் பொருந்தும். கடைசிப் பகுதிக்கு 'கள்ளமில்லாமல்' வாசிக்கச் சொல்லி இத்தாலியில் குறிப்பு வேறு. ஹைடனிடம் விரலைவிட நேர உணர்வுக்குத்தான் வேலை: திடீரென்று நிறுத்துவார், எதிர்பாராத இடத்தில் தொடங்குவார். நகைச்சுவை சொல்லத் தெரியாதவர் வாசித்தால் நோட்டுகள் எல்லாம் சரியாக இருக்கும், சிரிப்பு மட்டும் வராது.

இதற்கு மேலே ஏறும்போது பலருடைய கண்ணும் பீத்தோவனின் பதெடிக் மேல்தான். சி மைனர், ஓபஸ் 13, 1799ல் வெளியானது. இதன் மூன்று பகுதிகளில் நடுப்பகுதியான அடாஜியோதான் மெதுவானது, அதனால் பலர் அதை மட்டும் எடுப்பார்கள். ஆனால் அங்கே வலது கைக்கு இரட்டை வேலை. மேல் விரல்கள் பாட வேண்டும், அதே கையின் கீழ் விரல்கள் காதில் உறுத்தாமல் தாங்கிக்கொண்டே போக வேண்டும். மூன்லைட் முதல் பகுதியில் சுண்டுவிரல் படும் பாடும் இதே ரகம்.

முதல் பகுதியின் பிரச்சினை முற்றிலும் வேறு. இடது கையில் பக்கம் பக்கமாக ஆக்டேவ் டிரெமோலோ: கீழ் சி, மேல் சி, கீழ் சி, மேல் சி. விரலை ஓங்கி ஓங்கி அடிப்பவருக்கு முதல் பக்கம் முடிவதற்குள் முன்கை கல்லாகிவிடும். கதவுக் குமிழைத் திருகுவது போல முன்கையைச் சுழற்றினால் விரல்கள் தாமாகவே மாறி மாறி விழும். நீண்ட நேரம் வாசித்தாலும் எளிதில் வலிக்காது. இந்த ஒரு அசைவு தெரிந்தவருக்கு பதெடிக் நடுத்தரம், தெரியாதவருக்கு மலை. அதனால்தான் ஒரே மாதிரி கிரேடு உள்ள இரண்டு பேர் இதைப் பற்றி நேர்மாறாகப் பேசுவார்கள். வலி எடுத்த பிறகும் 'பழகிவிடும்' என்று தொடர்வது மட்டும் கூடவே கூடாது.

பதெடிக்கா, மூன்லைட்டா, எது கடினம் என்ற பழைய சண்டைக்கு இந்த நூலின் தீர்ப்பு: முழுதாக வாசிப்பதென்றால் மூன்லைட். அதன் மூன்றாம் பகுதிக்கு நிகரான இடம் பதெடிக்கில் இல்லை. ஆனால் மூன்றையும் ஒரே சீரான தரத்தில் வாசிக்க வேண்டுமென்றால் பதெடிக் கூடுதல் வேலை வாங்கும்.

ஓபஸ் 49க்கும் பதெடிக்குக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டுமென்றால் ஓபஸ் 10, எண் 1 இருக்கிறது. அதே சி மைனர், அதே கோபம், பாதிப் பளு. டெம்பெஸ்ட் என்ற ஓபஸ் 31, எண் 2ன் கடைசிப் பகுதியும் நல்ல தேர்வு. குதிரைக் குளம்பொலியைக் கேட்டுத்தான் பீத்தோவன் அதை அமைத்தார் என்று அவர் மாணவர் செர்னி சொல்லிவைத்திருக்கிறார். உண்மையோ கற்பனையோ, அந்த ஓட்டத்தைப் பிடிக்க மாணவருக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

ஷூபர்ட்டின் ஏ மேஜர், டி 664, சற்று மெல்லிய கை உள்ளவர்களுக்கு. அவருடைய பி ஃபிளாட், டி 960, இங்கே வைக்கத் தக்கதல்ல. 1828ல், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு முடித்தது. திரும்பச் சொல்லும் குறியை மதித்து வாசித்தால் முதல் பகுதியே சுமார் 20 நிமிடம். நோட்டுகள் பயமுறுத்தாது. அவ்வளவு நேரம் குரலை உயர்த்தாமல் பேசிக் கேட்பவரை உட்கார வைப்பதுதான் பயமுறுத்தும்.

மேல் மாடி

பீத்தோவனின் வால்ட்ஸ்டைன், அப்பாஸியோனாட்டா, ஹேமர்கிளாவியர். இந்த மூன்றையும் கனவாக வைத்திருப்பவர்கள் அவற்றின் கஷ்டம் ஒரே ஜாதி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

வால்ட்ஸ்டைனின் கஷ்டத்தில் ஒரு பங்கு பியானோவின் வரலாற்றைச் சேர்ந்தது. கடைசிப் பகுதியின் முடிவில் ஒரே கையின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஆக்டேவ் அகலத்தில் வெள்ளைக் கட்டைகள் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதுவும் அடங்கிய ஒலியில். 1804ன் பியானோக்களில் கட்டை மேலோட்டமாக இறங்கும், எடையும் குறைவு. இன்றைய பியானோவில் கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் ஆழம் இறங்குகிறது. அன்று வழுக்கியது இன்று தோலை உரிக்கும். பெரிய கலைஞர்களே இரண்டு கைக்கும் பங்கு போட்டோ, மணிக்கட்டால் வேகமான ஆக்டேவாகவோ சமாளிப்பதுண்டு. அதே பகுதியில் வலது கை டிரில்லையும் மெட்டையும் சேர்த்து வாசிக்கும் இடத்துக்கு, முடியாதவர்கள் எப்படி எளிமைப்படுத்தலாம் என்று பீத்தோவனே கையெழுத்துப் பிரதியில் குறிப்பு எழுதிவைத்தார். அவரே சலுகை தந்த இடத்தில் வீம்பு பிடிப்பானேன்?

அப்பாஸியோனாட்டாவில் கை ஓடினால் மட்டும் போதாது. இரண்டு கையும் இரண்டு ஆக்டேவ் இடைவெளியில் ஒரே மெட்டைக் கிசுகிசுத்துத் தொடங்கி, எச்சரிக்கையே இல்லாமல் இடி விழுகிறது. கடைசிப் பகுதி மூச்சு விடாமல் ஓடி முடியும் நேரத்தில், இன்னும் வேகமாக என்று 'பிரெஸ்டோ' வருகிறது. ஆரம்பத்திலேயே உச்ச வேகத்தைத் தொட்டவருக்கு அங்கே செலவழிக்கக் கையிருப்பு இருக்காது. நடுப்பகுதியின் மெட்டு மட்டும் தனியே எடுத்தால் ஐந்தாவது கிரேடுக்காரருக்கும் எட்டும். மாறுபாடுகள் வளர வளரத்தான் நோட்டு பெருகும்.

ஹேமர்கிளாவியர், ஓபஸ் 106, முழுதாக வாசிக்க 40 நிமிடத்துக்கும் மேல் ஆகும். மேல்ட்ஸெல் 1815ல் மெட்ரனோமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு எழுதியது. 32 சொனாட்டாக்களில் பீத்தோவன் தன் கைப்பட மெட்ரனோம் எண் கொடுத்தது இதற்கு மட்டுமே. முதல் பகுதிக்கு, அரை நோட்டுக்கு 138. அந்த எண்ணைப் பார்த்து இன்றும் பியானோ கலைஞர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். (மூன்லைட், பதெடிக் புத்தகங்களில் அச்சிட்டிருக்கும் எண்கள் பதிப்பாசிரியர்கள் போட்டவை. மாணவர் அவற்றுக்கு அடிமையாக வேண்டியதில்லை.)

இதன் முதல் நொடியிலேயே ஒரு பரீட்சை. இடது கை அடியாழத்தில் ஒரு பி ஃபிளாட்டைத் தட்டிவிட்டு, மறு நொடியே நடுப்பகுதிக்குத் தாவி முழுக் கார்டில் விழ வேண்டும். முழு சத்தத்தில், முழு வேகத்தில். சும்மா இருக்கும் வலது கை அந்தக் கீழ் நோட்டையோ மேல் கார்டையோ வாங்கிக்கொண்டால் தாவலே வேண்டாம், கேட்பவருக்கு வித்தியாசமும் தெரியாது. ஆனாலும் அந்தத் தாவலின் ஆபத்தும் இசையில் சேர்த்தி என்று சொல்லிப் பலர் இடது கையாலேயே தாவுகிறார்கள். கடைசியில் காத்திருக்கும் ஃபியூக் வரைக்கும் போனால் இந்தத் தாவல் விளையாட்டாகத் தோன்றும்.

வாங்குவதற்கு முன்

இரண்டு சொனாட்டாக்களில் எது தனக்கு எட்டும் என்று தெரியாத மாணவர் முதல் பக்கத்தை மூடிவிட்டு, இரண்டு புத்தகத்திலும் மை அதிகமாகக் கருத்திருக்கும் பக்கத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது கடைசிப் பகுதியில் இருக்கும். அதில் நாலு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விரல் எண்ணைப் பென்சிலால் எழுதி, பாதி வேகத்தில், ஏழு நாள். எட்டாம் நாள் நிற்காமல் மூன்று தடவை வந்தால் அந்தச் சொனாட்டா எட்டும் தூரத்தில் இருக்கிறது. வராவிட்டாலும் நஷ்டமில்லை, எது தடுத்தது என்று தெரிந்திருக்கும். கட்டைவிரலா, மணிக்கட்டா, எட்டாத கையா என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கான ஸ்கேலையும் எக்ஸர்சைஸையும் ஆசிரியர் அதற்குத் தகுந்தாற்போல் கொடுப்பார்.

கருவியையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 61 கட்டை கீபோர்டு. வேடிக்கை என்னவென்றால், மொஸார்ட்டிடமும் இளம் பீத்தோவனிடமும் இருந்த பியானோக்களும் பெரும்பாலும் ஐந்து ஆக்டேவ், அதாவது அதே 61 கட்டைதான். அவை எஃப்-இல் தொடங்கி எஃப்-இல் முடிந்தன, நம்முடையது சி-இல் தொடங்கி சி-இல் முடிகிறது. கே 545ன் முதல் பகுதி இதில் அடங்கிவிடும், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் கீபோர்டாக இருந்தால். மூன்லைட் முதல் பாரில் இடது சுண்டுவிரல் போய் நிற்கும் சி ஷார்ப், கீபோர்டின் இடது ஓரத்திலிருந்து இரண்டாவது கட்டை. அடுத்த பாரில் அந்த விரல் பி-க்கு இறங்க வேண்டும். அங்கே கட்டை கிடையாது, பிளாஸ்டிக் சட்டம்தான் இருக்கும்.